நாட்டு மக்களும் பெற்ற மக்களும்

ஊருக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவைக்கு அனுப்புகிறோம். அவர் அங்கே பேசுகிறார், சில வேளை பேசாமலும் இருக்கிறார். வரியை ஏற்கிறார், எதிர்க்கிறார். அமைச்சரை எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கிறார். கடை வைத்திருப்பவரும் கழனி உழுபவரும் நாடாளும் அவையிலே உட்காருவது இன்று நமக்கு வியப்பாகத் தோன்றுவதில்லை. காற்றைப்போல, தண்ணீரைப்போல, அது என்றும் இருந்தது என்று எண்ணிக் கொள்கிறோம். என்றும் இருந்ததல்ல அது. கம்பளி விற்பவனுக்கும் தோல் பதனிடுபவனுக்கும் அரசவையிலே என்ன வேலை என்று பிரபுக்கள் ஏளனம் பேசிய காலம் உண்டு. அந்தக் காலத்திலே, நகரத்து மக்களின் சார்பாக ஆள் அனுப்புங்கள், அரசியல் பேசலாம் என்று ஓலை விடுத்தான் ஒருவன். அவனும் ஒரு பிரபுதான். வாளேந்திய குதிரை வீரன், மன்னனின் தங்கையை மணந்தவன், கோட்டை கொத்தளங்களுக்கு உரியவன். பெயர் சைமன் டி மான்ட்போர்ட்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில், பிரதிநிதிகள் சபை கூடும் மண்டபத்திலே, உலகுக்குச் சட்டம் தந்தவர்கள் என்று 23 பேரின் முகங்களைப் பளிங்கிலே செதுக்கி வைத்திருக்கிறார்கள். அவற்றிலே ஒரு முகம் இந்தச் சைமனுடையது. ஆனால் அவன் உயிர் விட்ட நாளிலோ அவன் தலை தனியே வெட்டப்பட்டு, எதிரியின் மனைவிக்குப் பரிசுப் பொருளாக அனுப்பப்பட்டது! பளிங்கிலே முகம் ஏறியதற்கும் காரணம் உண்டு. தலை பறிபோனதற்கும் காரணம் உண்டு. இரண்டையும் ஒருசேர அறிந்து கொண்டால்தான் அவன் வரலாறு நமக்குப் பயன்படும்.

வந்தேறிய வாலிபன்

1208ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சு நாட்டிலே பிறந்தவன் சைமன். தந்தையின் பெயரும் சைமன்தான். தென் பிரான்சிலே மாற்றுச் சமயக் கொள்கையினரை அழித்தொழிக்கப் போப்பாண்டவர் ஏவிய சிலுவைப் போருக்குத் தலைமை ஏற்றவன் அந்தத் தந்தை. ஊர்களைச் சூறையாடி, மாற்றுக் கருத்தினரை எரியிலிட்ட கொடுமைக்கு அவன் பெயர் போனவன். 1218இல் துலூஸ் நகரத்தை முற்றுகையிட்டபோது, மதிலுக்குள்ளிருந்து பொறி வீசிய கல் அவன் மண்டையைப் பிளந்தது. தந்தையின் வீரம் மகனுக்கு வந்தது. மதவெறியும் கொஞ்சம் கூடவே வந்தது.

இளைய மகனுக்குச் சொந்த நாட்டிலே சொத்து ஏது? ஆனால் பாட்டி வழியிலே இங்கிலாந்தின் லெஸ்டர் கோமகன் பட்டத்துக்கு அந்தக் குடும்பத்தார் உரிமை கொண்டாடி வந்தனர். அண்ணன் விட்டுக் கொடுத்தான்; தம்பி கடல் கடந்தான். ஏறத்தாழ 22 வயதிலே கையிலே காசின்றி, நாவிலே ஆங்கிலமின்றி, உரிமைக் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றாம் ஹென்றி மன்னன் முன்னே போய் நின்றான். லெஸ்டர் நிலங்களை அப்போது தம் வசம் வைத்திருந்தவர் செஸ்டர் கோமகன் ரேனல்ப், முதியவர். அந்த முதியவரிடமே நேரில் போய்ப் பேசி, 1231இல் நிலத்தைப் பெற்றுவிட்டான் சைமன். பேச்சிலே அவ்வளவு திறமை!

நிலம் கைக்கு வந்ததும் அவன் செய்த முதற் செயல்களிலே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். லெஸ்டர் நகரத்திலிருந்து யூதர்களை வெளியேற்றினான். தன் காலத்திலும் தன் வாரிசுகள் காலத்திலும் உலகம் முடியும் வரையிலும் அவர்கள் அங்கே குடியிருக்கக் கூடாது என்று பட்டயமே எழுதினான். வட்டித் தொழில் தவிர மற்ற வாசல்களை அவர்களுக்கு அடைத்துவிட்டு, பிறகு வட்டி வாங்குகிறார்கள் என்று வைவது அந்தக் காலத்து ஐரோப்பாவின் வழக்கம். அந்த வழக்கத்துக்கு மேலே எழவில்லை சைமன். 2001ஆம் ஆண்டிலே லெஸ்டர் நகர மன்றமே கூடி, தன் பழைய கோமகனின் இந்தச் செயலை வெளிப்படையாகக் கண்டித்தது. 770 ஆண்டுகள் கழிந்தாலும் தவறு தவறுதான்.

மணவினையும் மனத்தாங்கலும்

மன்னன் ஹென்றி கொடியவனல்லன், வலுவற்றவன். கோயில் கட்டுவதிலே ஆசை, உறவினருக்கு அள்ளிக் கொடுப்பதிலே ஆசை, வெளிநாட்டிலே வெற்றி பெற ஆசை. கருவூலத்திலே காசு மட்டும் இல்லை. இன்று அணைப்பான், நாளை அடிப்பான்.

அவனுடைய தங்கை எலினார், இளம் வயதிலே கணவனை இழந்தவள். இனி மணப்பதில்லை என்று கான்டர்பரி தலைமைப் பேராயர் முன்னிலையிலே நோன்பு ஏற்றிருந்தாள். அவளுக்கும் சைமனுக்கும் 1238 சனவரியிலே, வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில், மன்னனின் தனியறையிலேயே, ஊரறியாமல் திருமணம் நடந்தது. செய்தி கசிந்ததும் பிரபுக்கள் கொதித்தனர். அரச குலப் பெண்ணை ஓர் அந்நியனுக்கு எங்களைக் கேட்காமல் எப்படிக் கொடுக்கலாம் என்று மன்னனின் தம்பி ரிச்சர்டே படை திரட்டினான். சைமன் ரோமாபுரிக்கு ஓடிப் போப்பாண்டவரின் இசைவைப் பெற்று வந்தான்.

மறு ஆண்டு மன்னனுக்கு மகன் பிறந்தான், பெயர் எட்வர்டு. ஞானத் தந்தையராக நின்றவர்களிலே சைமனும் ஒருவன். அந்தக் குழந்தையின் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். சில வாரங்களிலேயே, கடன் ஒன்றுக்கு மன்னனின் பெயரை அவனைக் கேட்காமல் ஈடாகக் காட்டினான் சைமன் என்று தெரிய வந்தது. மன்னன் வெகுண்டான். தன் தங்கையைக் கெடுத்தவன் என்று சபையறியத் தூற்றினான். கணவனும் மனைவியும் படகேறிப் பிரான்சுக்குத் தப்பினர்.

பிறகு சைமன் சிலுவைப் போருக்குப் போனான். அங்கே ஜெருசலேம் நாட்டுப் பிரபுக்கள், எங்களுக்கு ஆளுநராக இந்த மனிதனைத் தாருங்கள் என்று 1241இல் எழுதிக் கேட்கும் அளவுக்குப் பெயர் எடுத்தான். திரும்பி வந்தான், மன்னனோடு உறவு மீண்டும் ஒட்டிக் கொண்டது. கெனில்வொர்த் கோட்டை அவன் கைக்கு வந்தது. 1248இல், பிரான்சின் தென்மேற்கிலே ஆங்கில மன்னனுக்கு எஞ்சியிருந்த காஸ்கனி நாட்டை ஆள அனுப்பப்பட்டான். அடங்காத நாடு அது. அடக்கினான்; இரும்புக் கரத்தால் அடக்கினான். தலைவர்களைச் சிறையிலிட்டான், திராட்சைத் தோட்டங்களை வெட்டி வீழ்த்தினான். காஸ்கனியார் கூட்டம் கூட்டமாக வந்து மன்னனிடம் முறையிட்டனர். ஏவி அனுப்பிய மன்னனே 1252இல் அவனைக் குற்றவாளிபோல நிறுத்தி விசாரித்தான். பிரபுக்கள் சைமன் பக்கம் நின்றதால் தண்டனை இல்லை; ஆனால் அவன் மனத்திலே ஏற்பட்ட புண் ஆறவில்லை. வேலையை நம்மிடம் ஒப்படைத்துவிட்டு, பழி வரும்போது நம்மையே காட்டிக் கொடுப்பவனா மன்னன்? அந்தக் கேள்வி அவனுள்ளே வேர் விட்டது.

அந்த நாட்களிலே அவனுக்கு நல்ல நட்பு ஒன்று வாய்த்தது. லிங்கன் நகரப் பிஷப் ராபர்ட் குரோஸ்டெஸ்ட் பெரும் அறிஞர். நீதிவழி ஆட்சிக்கும் கொடுங்கோன்மைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி எழுதியவர். ஆடம் மார்ஷ் என்ற துறவி, சைமனின் கோபத்தை அஞ்சாமல் கண்டித்து மடல் வரைந்தவர். அரண்மனையிலே கிடைக்காத கல்வி இவர்களிடம் அவனுக்குக் கிடைத்தது. மன்னன் சட்டத்துக்கு மேலானவனல்லன். நாட்டின் நன்மைக்காகவே முடி தரிக்கிறான் என்ற எண்ணம் அங்கேதான் அவனுக்கு உறுதிப்பட்டது.

ஆக்ஸ்போர்டு ஏற்பாடு

1254இல் மன்னன் ஒரு விபரீதத்திலே இறங்கினான். சிசிலித் தீவின் மணிமுடியை உன் இளைய மகனுக்குத் தருகிறேன், போர்ச் செலவை நீ ஏற்றுக்கொள் என்றார் போப்பாண்டவர். சரி என்றான் ஹென்றி. சிசிலி எங்கே, இங்கிலாந்து எங்கே! ஏறத்தாழ 1,35,000 மார்க் கடன் தலையிலே விழுந்தது. கட்டத் தவறினால் மத விலக்கு என்ற மிரட்டல் வேறு. அதே வேளையிலே விளைச்சல் பொய்த்தது; பஞ்சம் பரவியது. வயிறு காய்ந்த குடிகளிடம், கேள்விப்பட்டும் இராத ஒரு தீவுக்காகக் காசு கேட்டது அரசு.

1258 ஏப்ரலிலே ஏழு பிரபுக்கள் ஒன்று கூடிச் சூளுரைத்தனர். சைமன் அவர்களிலே ஒருவன். கவசம் அணிந்து வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குள் நுழைந்தனர். வாட்களை மட்டும் வாயிலிலே வைத்துவிட்டு வந்தனர். மன்னன் நடுங்கினான். சூன் திங்களிலே ஆக்ஸ்போர்டு நகரில் கூட்டம். மன்னன் சார்பிலே 12 பேர், பிரபுக்கள் சார்பிலே 12 பேர் அமர்ந்து வகுத்ததுதான் ஆக்ஸ்போர்டு ஏற்பாடு. 15 பேர் கொண்ட ஆலோசனை மன்றம் ஒன்று. அதைக் கேட்டே மன்னன் நடக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறை பாராளுமன்றம் கூட வேண்டும். மாவட்டந்தோறும் நான்கு நைட்டுகள் மக்களின் குறைகளைக் கேட்டுப் பதிய வேண்டும். ஷெரிப் என்னும் மாவட்ட அதிகாரி அந்த வட்டாரத்தானாகவே இருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேல் பதவியிலே ஒட்டிக்கொள்ளக் கூடாது.

இதிலே நம் கவனத்துக்குரிய செய்தி மற்றொன்றும் உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர் அந்நாட்டின் ஆட்சிமொழி லத்தீன்; அரண்மனையார் பேச்சு பிரெஞ்சு. ஆங்கிலமோ ஏர் பிடிப்பவன் பேச்சாக ஒதுக்கப்பட்டது. 1258 அக்டோபரிலே, இந்தப் புதிய ஏற்பாட்டுக்குக் கட்டுப்படுவதாக மன்னன் பெயரால் வெளியான அறிக்கை, லத்தீனிலும் பிரெஞ்சிலும் மட்டுமன்றி ஆங்கிலத்திலும் வெளியிடப்பட்டு மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டது. இரண்டு நூற்றாண்டுகளாகத் தன் சொந்த மண்ணிலேயே அரசாணை ஏறாமல் கிடந்த மொழி, மக்களிடம் நியாயம் கேட்க வேண்டி வந்தபோது அரசாணையிலே ஏறியது. மக்கள் தேவைப்படும்போதுதான் மக்களின் மொழியும் அரசுக்குத் தேவைப்படுகிறது.

முறைப்பாடு கேட்கத் தொடங்கியதும் ஒரு சிக்கல் எழுந்தது. மன்னனின் அதிகாரிகள் மட்டுமா குடிகளை வாட்டினர்? பிரபுக்களின் கணக்கர்களும் அல்லவா வாட்டினர்! சீர்திருத்தம் எங்கள் நிலத்துக்குள்ளும் வருமா என்று பிரபுக்கள் முகம் சுளித்தனர். வரத்தான் வேண்டும் என்றான் சைமன். இதிலே பின்வாங்கிய குளோஸ்டர் கோமகன் ரிச்சர்டு டி கிளேரோடு 1259இல் மோதிக் கொண்டான். ஊருக்கு உபதேசம் செய்பவன் தன் வீட்டையும் கூட்ட வேண்டும் என்பதே அவன் கட்சி.

ஆனால் அதே ஆண்டிலே பிரான்சோடு உடன்படிக்கை செய்ய முற்பட்டபோது, எலினாருக்கு அவளுடைய முதல் கணவன் வழியிலே வரவேண்டிய சீதன உரிமைப் பணம் தீரவில்லை என்று காட்டி, கையெழுத்திட மறுத்து நாட்டின் உடன்படிக்கையையே தாமதப்படுத்தினர் கணவனும் மனைவியும். கேட்ட பணம் நியாயமானதாக இருக்கலாம். நாட்டுக் காரியமும் வீட்டுக் காரியமும் ஒரே தராசிலே ஏறிய முதல் இடம் இது.

லூயிஸ் களம்

1261இல் போப்பாண்டவர் ஹென்றியைச் சத்தியத்திலிருந்து விடுவித்தார். சொன்ன சொல்லிலிருந்து விடுதலை! பிரபுக்கள் ஒவ்வொருவராக மன்னனிடம் சமாதானம் பேசினர். சைமன் மட்டும் வளையவில்லை. நாட்டை விட்டே போய்விட்டான். 1263இல் திரும்பி வந்தபோது, இளைஞர் கூட்டம் அவனைத் தலைவனாக ஏற்றது. அந்நியர் வெளியேறட்டும் என்பது அவர்கள் முழக்கம். தலைவனோ பிரான்சிலே பிறந்தவன்! மக்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. சத்தியம் செய்தபின் மாறாதவன் ஒருவன் இருக்கிறான் என்பதே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

வழக்கு பிரான்சு மன்னன் ஒன்பதாம் லூயியின் மத்தியஸ்தத்துக்குப் போனது. முடிசூடியவனிடம் போய், முடிக்கு வரம்பு உண்டா என்று கேட்டால் என்ன விடை வரும்? 1264 சனவரியிலே, ஆக்ஸ்போர்டு ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்திருந்த சைமன், இனி வாளே தீர்ப்பு என்றான்.

போர் மூண்ட அந்த வசந்தத்திலே லண்டனில் யூதர் குடியிருப்பு தாக்கப்பட்டது. ஆணும் பெண்ணும் குழந்தையுமாக நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். முன்னின்று நடத்தியவன் சைமனின் தோழன் ஜான் பிட்ஸ் ஜான். கொள்ளைப் பொருளிலே ஒரு பங்கு சைமனுக்குப் போனதாக அக்கால வரலாற்றேடுகள் கூறுகின்றன. உரிமைப் போர் நடத்துகிறோம் என்றவர்கள், உரிமையற்ற சிறு கூட்டத்தின் மேல் பாய்ந்தனர். அந்தக் கறையைத் துடைக்க எந்தப் பளிங்காலும் ஆகாது.

மே 14. தெற்கே லூயிஸ் என்னும் ஊர். மன்னன் படை பெரிது. சைமன் படை சிறிது. இரவோடிரவாக மேட்டு நிலத்தில் ஏறி, விடியும்போது ஊருக்கு மேலே அணிவகுத்து நின்றது சைமன் படை. ஒவ்வொருவன் உடையிலும் வெள்ளைச் சிலுவை. இளவரசன் எட்வர்டு, லண்டன் நகரத்தார் நின்ற பிரிவை முறியடித்து, ஆத்திரத்தோடு அவர்களைத் தொலைதூரம் துரத்திக் கொண்டு போனான். அவன் திரும்பி வருவதற்குள் களம் முடிந்துவிட்டது. மன்னன் மடாலயத்துக்குள் அடைக்கலம். மன்னன் தம்பி ரிச்சர்டு காற்றாலைக்குள் ஒளிந்து பிடிபட்டான். இளவரசன் பிணையாளி ஆனான். இங்கிலாந்து, மன்னன் பெயரால், சைமன் கைக்கு வந்தது.

ஊராருக்கு ஓலை

வென்றவன் என்ன செய்தான்? தானே முடி சூடினானா? இல்லை. மூவர் கூடி ஒன்பதின்மரைத் தேர்ந்தெடுக்க, அந்த ஒன்பதின்மர் சொற்படி மன்னன் ஆள வேண்டும் என்று வகுத்தான். மூவரிலே ஒருவன் தானே. மற்றவர்கள் இளைய குளோஸ்டர் கோமகன் கில்பர்ட் டி கிளேரும், சிசெஸ்டர் பிஷப்பும். பிறகு, 1264 டிசம்பர் 14இல் மன்னன் முத்திரையிட்ட ஓலைகள் புறப்பட்டன. பிரபுக்களுக்கும் பிஷப்புகளுக்கும் மட்டுமல்ல. மாவட்டத்துக்கு இரண்டு நைட்டுகள் வரட்டும், யார்க், லிங்கன் முதலிய நகரங்களிலிருந்து இரண்டு இரண்டு நகரத்தார் வரட்டும், தென்கிழக்குத் துறைமுக நகரங்களிலிருந்தும் ஆட்கள் வரட்டும் என்று.

1265 சனவரி 20இல் வெஸ்ட்மின்ஸ்டரிலே அந்தப் பாராளுமன்றம் கூடியது. மாவட்டத்து நைட்டுகளை அழைப்பது புதிதல்ல. வரி கேட்பதற்காக மன்னனே 1254இல் அழைத்ததுண்டு. ஆனால் நகரத்து வணிகனையும் கைத்தொழிலாளர் ஊரையும் நாட்டின் பொதுக் காரியம் பேசுவதற்கு அழைத்தது இதுவே முதல் முறை. இதை மிகைப்படுத்திச் சொல்லவும் வேண்டாம். உழவனுக்கு இடமில்லை, பெண்ணுக்கு இடமில்லை, இன்று நாம் அறிந்த தேர்தலும் இல்லை. பிரபுக்களிலே 23 பேருக்குத்தான் அழைப்புப் போனது, ஏனெனில் மற்றவர்களிலே பலர் எதிரிகள். நகரங்கள் தன் பக்கம் இருந்ததால்தான் அழைத்தான் என்று சொல்வாரும் உண்டு. இருக்கட்டும். தேவை கருதித் திறந்தாலும் கதவு கதவுதான். ஒருமுறை உள்ளே வந்து அமர்ந்தவனை, உனக்கு இங்கே என்ன வேலை என்று பின்னர் யாரும் கேட்க முடியவில்லை.

பெற்ற மக்கள்

மக்கள் என்ற சொல்லுக்கு நம் மொழியிலே இரண்டு பொருள். நாட்டு மக்களும் மக்கள். பெற்ற மக்களும் மக்கள். முன்னவர்களுக்காக அவையின் கதவைத் திறந்த சைமன், பின்னவர்களுக்காகக் கருவூலத்தின் கதவையும் திறந்து வைத்தான். அங்கேதான் அவனுடைய சரிவு தொடங்கியது.

மூத்த மகன் ஹென்றி, துறைமுகங்களுக்குக் காவலனானான். ஏற்றுமதிக் கம்பளியை வளைத்துக் கொண்டான் என்று சொல்லி, அவனைக் கம்பளி வியாபாரி என்றே ஊரார் அழைத்தனர். மற்றொரு மகன் சைமன், பகைவர்களிடம் நட்ட ஈடு என்று பெருந்தொகைகளைக் கறந்தான். குருத்துவத்துக்குப் போன மகன் அமாரிக்கு யார்க் பேராலயத்தின் பொருளாளர் பதவி. இளவரசன் எட்வர்டின் செஸ்டர் நாட்டைத் தந்தையே தன் பெயருக்கு மாற்றிக் கொண்டான். 1259இல் பிரபுக்களைப் பார்த்து உங்கள் வீட்டையும் கூட்டுங்கள் என்று சொன்னவன் இவன்தானே! தன் வீட்டிலே குவிந்தது அவன் கண்ணிலே படவில்லை.

கில்பர்ட் டி கிளேர் பார்த்துக் கொண்டிருந்தான். லூயிஸ் களத்திலே ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கிய தோழன் அவன். வெற்றியிலே பங்கு கொடுத்தவனுக்குப் பலனிலே பங்கில்லையா என்று அவனுக்குப் புழுங்கியது. சைமனின் பிள்ளைகளும் கில்பர்ட்டும் டன்ஸ்டபிள் என்னும் இடத்திலே போர் விளையாட்டு நடத்த நாள் குறித்தனர். விளையாட்டு வினையாகும் என்றறிந்து சைமன் அதைத் தடுத்தான். பிள்ளைகளைக் கடிந்தும் கொண்டான். ஆனால் அவர்களிடம் சேர்ந்திருந்ததைத் திருப்பி எடுத்தானா? இல்லை. கடிந்துரை காதோடு போயிற்று. கில்பர்ட் மேற்கே தன் நிலத்துக்குப் போய்ச் சேர்ந்து, மன்னன் கட்சிக்கு மாறினான்.

1265 மே 28. ஹெரிபோர்டு நகருக்கு வெளியே, காவலரோடு குதிரை ஓட்டிப் பழகிக் கொண்டிருந்தான் பிணையாளி எட்வர்டு. ஒவ்வொரு குதிரையாக ஏறி, ஓட்டிக் களைக்க வைத்தான். களைக்காத குதிரை ஒன்று எஞ்சியது. அதிலே ஏறிப் பறந்துவிட்டான். கில்பர்ட் அவனோடு சேர்ந்தான். செவர்ன் ஆற்றுப் பாலங்கள் தகர்க்கப்பட்டன. மன்னனை உடன் வைத்திருந்த சைமன், ஆற்றுக்கு மேற்கே வேல்ஸ் எல்லையிலே அடைபட்டுப் போனான்.

உதவிக்கு வரவேண்டியவன் மகன் சைமன். தெற்கே ஒரு கோட்டை முற்றுகையிலே இருந்தவன், தந்தையின் ஓலை கண்டும் விரையவில்லை. வழியிலே வின்செஸ்டர் நகரைச் சூறையாடிவிட்டு, சாவகாசமாகக் கெனில்வொர்த் வந்து சேர்ந்தான். கோட்டைக்குள்ளே தங்காமல் வெளியே ஊரிலே தங்கினான் அவனும் அவன் படையும். விடியற்காலையிலே பாய்ந்தான் எட்வர்டு. பலர் படுக்கையிலேயே பிடிபட்டனர். மகன் கோட்டைக்குள் தப்பினான். கொடிகள் எதிரியின் கையிலே சிக்கின.

ஈவ்ஷாம் காலை

ஆகஸ்டு 4. ஆற்றை எப்படியோ கடந்து ஈவ்ஷாம் ஊரை அடைந்திருந்தான் சைமன். ஏவன் ஆறு மூன்று புறமும் வளைந்தோடும் ஊர் அது. வடக்கே மேட்டிலே படையொன்று தெரிகிறது. மகனின் கொடிகள் பறக்கின்றன. மகன் வந்துவிட்டான் என்று மகிழ்ந்தனர். மடாலயத்துக் கோபுரத்தின் மேலேறிப் பார்த்த அவனுடைய நாவிதன் உண்மையைக் கண்டு கீழே கூவினான். கொடி மகனுடையது, படை எட்வர்டுடையது! ஒரு காலத்திலே ஞானத் தந்தையாக நின்று எந்தக் குழந்தைக்கு ஆசி கூறினானோ, அந்தக் குழந்தை 26 வயது வாலிபனாகி, அவனைக் கொல்ல வந்து நிற்கிறான்.

தப்பி ஓட வழியிருந்தது என்று தோழர்கள் வற்புறுத்தினர். சைமன் மறுத்தான், அவர்களைப் போகச் சொன்னான், அவர்களும் மறுத்தனர். இடியும் மின்னலும் சூழ, மேட்டை நோக்கிப் பாய்ந்தனர். துணைக்கு வந்த வேல்ஸ் காலாட்படை சிதறி ஓடியது. மூத்த மகன் ஹென்றி தந்தையின் முன்னே வீழ்ந்தான். பிறகு சைமன் வீழ்ந்தான். சிறை பிடிப்பதற்கல்ல, கொல்வதற்கென்றே ஆட்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். கூடவே கவசமணிந்து நிறுத்தப்பட்டிருந்த மன்னன் ஹென்றி, தன் பெயரைச் சொல்லிக் கதறித் தன் ஆட்களின் வாளிலிருந்து தப்பினான். சைமனின் கையும் காலும் வெட்டப்பட்டன. தலை ரோஜர் மார்ட்டிமர் மனைவிக்கு விக்மோர் கோட்டைக்குப் போயிற்று. எஞ்சிய உடலை மடாலயத்துத் துறவிகள் புதைத்தனர்.

புதைத்த இடத்துக்கு ஏழைகள் வந்தனர். நோய் தீருகிறது, கண் தெரிகிறது என்று நம்பினர். ஏறத்தாழ 200 அற்புதங்களை எழுதி வைத்தனர் துறவிகள். மன்னன் கட்சி மிரண்டது. 1266இல் கெனில்வொர்த்திலே வெளியிட்ட ஆணையில், சைமனைப் புனிதன் என்று யாரும் சொல்லக் கூடாது என்று தடையே விதித்தது. செத்தவனுக்குத் தடை! அவன் எவ்வளவு உயிரோடிருந்தான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பெற்ற மக்கள் என்ன ஆனார்கள்? தப்பிய இரு மகன்கள், கையும் சைமனும், 1271இல் இத்தாலியில் விடெர்போ நகரின் தேவாலயத்துக்குள்ளேயே, மன்னன் தம்பி ரிச்சர்டின் மகனைக் குத்திக் கொன்று பழி தீர்த்தனர். தாந்தே தன் காவியத்திலே கையை நரகத்திலே நிறுத்தினான். எலினார் பிரான்சிலே கன்னியர் மடம் ஒன்றிலே 1275இல் கண் மூடினாள். கோமகன் பட்டம் போயிற்று; கோட்டை போயிற்று; குவித்த செல்வமும் போயிற்று.

நாட்டு மக்களுக்காகச் செய்தது மட்டும் போகவில்லை. சீர்திருத்தங்களிலே பலவற்றை, வென்ற மன்னனே 1267இல் மார்ல்பரோ சட்டமாக ஏற்க வேண்டியதாயிற்று. எட்வர்டு அரசனானான். யூதர்களை 1290இல் நாட்டை விட்டே துரத்தி, சைமனின் தவறைப் பெரிதாக்கினான். ஆனால் 1295இல் பாராளுமன்றம் கூட்டியபோது, மாவட்டத்துக்கு இருவர், நகரத்துக்கு இருவர் என்று அவனும் ஓலை விடுத்தான். சைமனின் தலையை வெட்டியவர்களின் தலைவன், சைமனின் வழியிலே நடந்தான்! ஆளைக் கொல்லலாம், அவையிலே அமர்ந்து பழகிவிட்ட ஊரானை எழுப்பி அனுப்ப முடியவில்லை. அந்த அவையின் வாரிசுகள்தாம் இன்று உலகெங்கும், நம் நாட்டிலும், இயங்கும் பாராளுமன்றங்கள்.

1965இல், 700 ஆண்டு நிறைவையொட்டி, ஈவ்ஷாமிலே சைமனுக்கு நினைவுக்கல் நாட்டினார்கள். கான்டர்பரி தலைமைப் பேராயர் வந்து அதை அர்ப்பணித்தார். அந்தக் கல் நமக்கும் ஒன்றைச் சொல்கிறது. ஆட்சியைப் பிடிப்பது ஒரு வெற்றி. பிடித்த ஆட்சியிலே ஊராரை உட்கார வைப்பது அதனினும் பெரிய வெற்றி. அந்த இரண்டிலும் வென்றவன், மூன்றாவதிலே தோற்றான்: தோழர்கள் வியர்வை சிந்தி விளைவித்ததைத் தன் வீட்டார் அள்ளிக்கொண்டு போகாமல் காப்பதிலே தோற்றான். கில்பர்ட் மாறியது துரோகம்தான். அந்தத் துரோகத்துக்கு வாசல் திறந்து வைத்தது யார் என்ற கேள்வியும் இருக்கிறது.

நாட்டு மக்களுக்காக அவன் செய்தது ஏழரை நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. பெற்ற மக்களுக்காக அவன் சேர்த்தது ஏழு மாதங்கள்கூட நிற்கவில்லை. பொதுவாழ்விலே இருப்போர் ஒவ்வொருவரும், பதவி ஏறும் நாளிலே, இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துக் கொள்வது நல்லது.